தொடுகையின் வரைபடம்: மூளைய மேற்பட்டை ஆய்வின் வரலாறு பற்றிச் சில சமூகவியற் குறிப்புகள்

1. முன்னுரை

உடற்றொழிலியற் பாடநூல்களில் விகாரமானதொரு மனித உருவம் காணப்படுவதுண்டு. அதன் உதடுகள் முகத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்து நிற்கும். கைகள் உடலினும் பெரியனவாக விரிந்திருக்கும். முதுகும் வயிறும் கால்களும் மெலிந்து சிறுத்திருக்கும். இலத்தீன் மொழியிற் 'சிறு மனிதன்' எனப் பொருள்படும் 'ஹொமங்குலஸ்' என்ற பெயரால் அது வழங்கப்படுகின்றது. தொடுகையுணர்ச்சியைப் பெறுவதற்கென மூளைய மேற்பட்டையில் ஒவ்வோர் உறுப்புக்கும் எவ்வளவு இடம் அமைந்துள்ளது என்பதைக் காட்டுவதே அவ்வுருவத்தின் நோக்கமாகும்.

மாணவர்கள் இவ்வுருவத்தை முடிந்த முடிபாகக் கொண்டு மனனஞ் செய்கின்றனர். ஆனால் அது இயற்கை தானே வரைந்து தந்த சித்திரமன்று. குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட கருவிகளைக் கொண்டு, குறிப்பிட்ட சில மனிதரின் திறந்த மூளைகளிலிருந்து பெறப்பட்ட தரவுகளின் தொகுப்பே அது. எனவே அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து மூன்று வினாக்கள் எழுகின்றன. இவ்வரைபடம் எவ்வாறு வரையப்பட்டது? எவருடைய உடல்களிலிருந்து வரையப்பட்டது? அது மாறாததா, வாழ்க்கையாலும் உழைப்பாலும் மாறக்கூடியதா? மூன்றாவது வினா முற்போக்குச் சிந்தனையாளருக்கு இயல்பாகவே உவப்பானது. அவ்வுவப்பே சில வேளைகளில் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றிருக்கின்றதா என்பதையும் இங்கு ஆராய விழைகின்றோம்.

2. முதலாவது புலன், கடைசியாக அறியப்பட்ட இடம்

அரிஸ்டோட்டில் தொடுகையை விலங்குகள் யாவற்றுக்கும் பொதுவான அடிப்படைப் புலனாகக் கருதினார். தமிழில் தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்குமிடத்து உற்றறிதலையே முதலாவதாக வைத்துள்ளது. ஆயினும் ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் மூளையில் இடம் தேடப்பட்டபோது, தெளிவான விடை கிடைக்க நெடுங்காலம் பிடித்தது தொடுகைக்கே.

இத்தாமதத்துக்குச் சில காரணங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் யோசேப் கால் என்பார் மனித குணங்கள் ஒவ்வொன்றுக்கும் மூளையில் ஓரிடம் உண்டெனவும், மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து அவற்றை அறியலாமெனவும் கூறினார். இக்கபாலவியல் வெகு விரைவில் இனங்களையும் வர்க்கங்களையும் உயர்வு தாழ்வாகத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. இதற்கு எதிராக 1820களில் பியர் புளூரன்ஸ் விலங்குகளின் மூளைகளிற் பகுதி பகுதியாக வெட்டிப் பரிசோதித்து, மூளையத்தின் அரைக்கோளங்கள் பிரிவினையின்றி முழுமையாகவே தொழிற்படுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். கபாலவியலின் போலித்தனம் அம்பலமானதோடு, மூளையில் இடவரையறை உண்டு என்ற கருத்தும் அரை நூற்றாண்டு காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. பிழையான ஒரு கோட்பாடு வீழும்போது அதனுள் மறைந்திருந்த சரியான வித்தும் உடன் புதையுண்டுபோவதுண்டு என்பதற்கு இதுவொரு சான்று.

1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையில் இடது முன்மடலின் சேதத்தைக் காட்டியதோடு நிலைமை மாறத் தொடங்கியது. 1870இல் பேர்ளினில் குஸ்தாவ் பிரிட்ஷ், எட்வார்ட் ஹிட்சிக் ஆகிய இரு வைத்தியர்கள் நாயின் மேற்பட்டையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, குறித்த இடங்களைத் தூண்டுகையில் உடலின் மறுபக்கத்துக் குறித்த தசைகள் அசைவதைக் கண்டனர். இங்கிலாந்தில் டேவிட் பெரியர் குரங்குகளில் இவ்வாய்வை விரிவுபடுத்தி, 1876இல் மூளையின் தொழில்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார்.

அசைவு கண்ணுக்குத் தெரியும், உணர்ச்சி தெரியாது. நாயின் கால் துடிப்பதை ஆய்வாளர் காணலாம். நாய்க்கு என்ன தோன்றிற்று என்பதை நாய் சொல்லாது. எனவே இயக்கத்தின் வரைபடம் முந்திக்கொண்டது. பெரியர் தொடுகைக்குரிய இடத்தை மூளையின் உட்புறத்திலுள்ள ஹிப்போகாம்பசுப் பகுதியிற் கற்பித்தார். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. உணர்ச்சியின் வரைபடத்துக்குப் பேசக்கூடிய ஓர் உயிரின் சாட்சியம் தேவைப்பட்டது. அச்சாட்சியத்துக்கு அளிக்கப்பட்ட விலையை நாம் மறந்துவிடலாகாது.

3. சின்சினாற்றியின் பணிப்பெண்

1874இல் ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில், அயர்லாந்திற் பிறந்து வீட்டுவேலை செய்து பிழைத்துவந்த மேரி ராபர்ட்டி என்னும் 30 வயதுப் பெண் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டாள். தலையில் ஏற்பட்ட புற்றுநோய்ப் புண் மண்டையோட்டை அரித்து மூளையைத் திறந்துகாட்டும் நிலைக்கு வந்திருந்தது. அவளுக்குச் சிகிச்சையளித்த பேராசிரியர் றொபேர்ட்ஸ் பார்தலோ, மின்னூசிகளை அவளது மூளையினுட் செலுத்தி மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். மறுபக்கத்துக் கையும் காலும் அசைந்தன. கையிலும் காலிலும் விறுவிறுப்பான, விரும்பத்தகாத ஓர் உணர்ச்சி தோன்றுவதாக அவள் கூறினாள். மனித மூளையை மின்னால் தூண்டியபோது தோன்றிய உடலுணர்ச்சி பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாக்குமூலங்களுள் ஒன்று இதுவாகும்.

பார்தலோ அத்துடன் நிற்கவில்லை. மின்னோட்டத்தின் வலிமையைக் கூட்டினார். அவள் துயருற்று அழுதாள்; வலிப்புக் கண்டது; நினைவிழந்தாள். சில நாட்களில் இறந்தாள். பரிசோதனை அறிக்கை அதே ஆண்டில் வெளியானதும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கண்டனங்கள் எழுந்தன. பார்தலோ வருத்தந் தெரிவித்தார். எனினும் அவரது கல்விப் பதவிகளுக்கு இதனாற் கேடு நேரவில்லை.

இந்நிகழ்ச்சியை ஒரு தனிமனிதரின் கொடுமையாக மாத்திரம் கொள்வது போதாது. அக்காலத்து நகர வைத்தியசாலைகளின் இலவச விடுதிகளிற் கிடந்தவர்கள் கூலியாட்கள், பணிப்பெண்கள், குடியேறிய ஏழைகள். சிகிச்சைக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் தம் உடலைப் பாடமாகக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. அவள் சம்மதித்தாள் என்று அறிக்கை கூறுகின்றது. சாகக் கிடக்கும் ஒரு பணிப்பெண் தன்னைப் பராமரிக்கும் பேராசிரியரிடம் மறுப்புக் கூறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அறிக்கை கூறவில்லை.

ஒப்புநோக்குக்காக வேறொரு நிகழ்ச்சியையும் குறிப்பிடலாம். 1903இல் இலண்டன் நரம்பியல் வைத்தியர் ஹென்றி ஹெட் தமது இடது கையின் தோல் நரம்புகளைத் தாமே வெட்டுவித்துக்கொண்டார். உணர்ச்சி எவ்வாறு படிப்படியாக மீளுகின்றது என்பதை உளவியலாளரும் மானிடவியலாளருமான றிவேர்ஸ் அவர்களுடன் சேர்ந்து ஆண்டுக்கணக்கிற் குறித்துவந்தார். நோயாளியின் சொல்லை நம்பமுடியவில்லை. பயிற்சி பெற்ற ஒருவரே தம்மை உற்றுநோக்க வேண்டும் என்பது அவரது நியாயம். அவரது கோட்பாட்டிற் பெரும்பகுதி பின்னர் கைவிடப்பட்டது. எனினும் பரிசோதிப்பவரும் பரிசோதிக்கப்படுபவரும் ஒருவராகவே இருத்தல் கூடும் என்பதை அவர் காட்டினார். அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

4. மொன்றியலிற் பிறந்த சித்திரம்

மூளையத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடுகின்றது. அதன் முன்புற மடிப்பும் பின்புற மடிப்பும் ஒரே தொழிலையே செய்கின்றன என்று பலர் கருதினர். 1901இல் ஷெரிங்டனும் குரூன்பாமும் மனிதக் குரங்குகளில் முன்மடிப்பைத் தூண்டும்போதே அசைவு தோன்றுகின்றது எனக் காட்டினர். பின்மடிப்பின் தொழில் யாது என்ற வினாவுக்கு 1909இல் ஹார்வி குஷிங் விடை பகர்ந்தார். வலிப்பு நோயாளர் இருவரைச் சத்திர சிகிச்சையின் நடுவே விழிப்புடன் வைத்து அவர்களது பின்மடிப்பைத் தூண்டினார். கை அசையவில்லை, ஆனால் கையிற் தொடுகை போன்ற உணர்ச்சி தோன்றியதாக அவர்கள் கூறினர். அதே ஆண்டில் ஜேர்மனியரான கோர்பினியன் புரொட்மன், மேற்பட்டையின் கல அடுக்குகளை நுணுக்குக்காட்டியாற் பகுத்து, பகுதிகளுக்கு இலக்கமிட்ட வரைபடத்தை வெளியிட்டார். பின்மடிப்புக்கு 3, 1, 2 என்ற இலக்கங்கள் கிடைத்தன. அவ்விலக்கங்கள் இன்றும் வழக்கிலுள்ளன.

இவ்வழியைப் பெரிய அளவில் முன்னெடுத்தவர் வைல்டர் பென்பீல்ட். 1934இல் மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தை நிறுவிய அவர், வலிப்பு நோய்க்குக் காரணமான வடுக்களை அகற்றும் சத்திர சிகிச்சையில் தேர்ந்தவர். மூளையின் இழையத்திலே வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. எனவே தோலையும் எலும்பையும் மாத்திரம் மரக்கச் செய்துவிட்டு, நோயாளியுடன் பேசிக்கொண்டே மூளையைத் தூண்டிப் பார்க்கமுடிந்தது. வெட்டக்கூடாத இடங்களை அறிவதே இதன் முதல் நோக்கம். நோயாளி உணர்ச்சியைக் கூறிய ஒவ்வோரிடத்திலும் இலக்கமிட்ட சிறு கடதாசித் துண்டொன்று வைக்கப்பட்டது. இவ்வாறு 163 சத்திர சிகிச்சைகளிற் பெற்ற அனுபவத்தைத் தொகுத்து, 1937இல் பென்பீல்டும் எட்வின் போல்ட்றியும் தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். ஹொமங்குலஸ் முதன்முதலாக அதிலேயே தோன்றியது. அதனை வரைந்தவர் கான்ட்லி அம்மையார் என்னும் மருத்துவ ஓவியர். 1950இல் பென்பீல்டும் ராஸ்முசனும் எழுதிய நூலில் இன்று நாம் அறிந்த வடிவில் அது மீள வரையப்பட்டது.

பின்மடிப்பின் உட்புறச் சரிவிலே பாதமும், உச்சியை அடுத்துக் காலும் உடலும், அதன்கீழ் அகன்ற பரப்பிலே கையும் விரல்களும், அதற்கும் கீழே முகமும் உதடும் நாவும் என இவ்வரைபடம் அமைந்துள்ளது. உடலிற் தொலைவில் உள்ள கையும் முகமும் மூளையில் அயலவராக உள்ளமை கவனிக்கத்தக்கது. அது பின்னர் பெரியதொரு விவாதத்துக்கு வித்திட்டது.

பென்பீல்டின் பணி மேரி ராபர்ட்டிக்கு நேர்ந்ததிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. இங்கு தூண்டுதல் நோயாளியின் நலனுக்கே முதலிற் பயன்பட்டது. ஆயினும் சித்திரத்தின் குறைகளை மறைத்தலாகாது. பல நோயாளரிடமிருந்து கிடைத்த சிதறிய புள்ளிகள், வேறுபாடுகள் நீக்கப்பட்டு, ஒரே உடலாகத் தைக்கப்பட்டன. அவ்வுடல் ஆணுடலாகவே வரையப்பட்டது. மார்பகம், கருப்பை முதலான உறுப்புகளும் மாதவிடாய், மகப்பேறு, மாதவிடாய் ஓய்வு முதலான உடல் மாற்றங்களும் மேற்பட்டையில் எவ்வாறு பிரதிபலிக்கின்றன என்பது பற்றிய அறிவு மிகக் குறைவு என்பதை 2013இல் வெளிவந்த ஒரு மீளாய்வு சுட்டிக்காட்டியது. மனிதன் என்ற பொதுப்பெயரால் வழங்கிய சித்திரத்தில் மனிதகுலத்தின் பாதி இடம்பெறாமல் முக்கால் நூற்றாண்டு கழிந்தது.

5. தோலிலிருந்து மேற்பட்டைவரை

தூண்டிக் கேட்கும் முறையோடு, தொட்டுப் பதிவு செய்யும் முறையும் வளர்ந்துவந்தது. கேம்பிறிட்ஜில் எட்கார் ஏட்ரியன் 1920களிலேயே தனியொரு நரம்பு நாரினூடு செல்லும் மின் கணத்தாக்கங்களைப் பதிவு செய்திருந்தார். 1932இல் ஷெரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 1940களின் தொடக்கத்தில் பல விலங்குகளின் மேற்பட்டையை ஒப்பிட்டார். பன்றியின் தொடுகைப் பரப்பிற் பெரும்பகுதி அதன் மூஞ்சிக்கே உரியதாயிருந்தது. சிறுவகைக் குதிரையொன்றில் மூக்குத் துவாரப் பகுதி உடலின் எஞ்சிய பகுதி முழுவதற்கும் சமமான இடத்தைக் கொண்டிருந்தது. எந்த உறுப்பாற் ஒரு விலங்கு உலகை நாடி ஆராய்கின்றதோ, அவ்வுறுப்பே அதன் மூளையில் விரிவான இடம் பெறுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. இதே காலத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ஷல், வூல்சி, பார்ட் ஆகியோர் விலங்குகளின் தோலைத் தொட்டு, மேற்பட்டையில் எழும் மின்னழுத்த மாற்றங்களைப் புள்ளி புள்ளியாகப் பதிந்து, துல்லியமான வரைபடங்களைத் தயாரித்தனர்.

1957இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்னன் மவுண்ட்காசில் பூனையின் மேற்பட்டையினுள் நுண்ணிய மின்வாயைச் செங்குத்தாக இறக்கி, தனித்தனி நரம்புக் கலங்களின் தொழிற்பாட்டைப் பதிவு செய்தார். மேலிருந்து கீழ்வரை சந்தித்த கலங்கள் யாவும் தோலின் ஏறத்தாழ ஒரே இடத்துக்கும் ஒரேவகை உணர்ச்சிக்கும் உரியனவாயிருந்தன. மேற்பட்டை நிரல் நிரலாக நிற்கும் கலக் கூட்டங்களால் ஆனது என்ற கருத்து இவ்வாறு பிறந்தது. நரம்பியலில் இது ஒரு திருப்புமுனை எனலாம்.

இன்றைய அறிவின்படி தொடுகையின் பயணத்தைப் பின்வருமாறு சுருக்கலாம். ஒரு கையின் உள்ளங்கைப் புறத்தில் ஏறத்தாழ 17,000 தொடுகை வாங்கிகள் உள்ளன என 1979இல் சுவீடன் ஆய்வாளர் மதிப்பிட்டனர். அவை நால்வகையின. மேர்க்கல் வாங்கிகள் பொருளின் விளிம்பையும் வடிவையும், மைஸ்னர் வாங்கிகள் வழுக்கலையும், பசினியின் வாங்கிகள் அதிர்வையும், ருபினியின் வாங்கிகள் தோல் இழுபடுவதையும் சிறப்பாக உணர்கின்றன. அழுத்தத்தை மின் கணத்தாக்கமாக மாற்றுவதில் முதன்மையான பங்கு வகிக்கும் பீசோ-2 என்னும் புரதத்தை ஆடெம் பட்டபூட்டியனின் ஆய்வுக்குழு 2010இல் இனங்கண்டது. 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். லெபனானில் ஆர்மேனியக் குடும்பமொன்றிற் பிறந்து, உள்நாட்டுப் போரின் நடுவே அந்நாட்டை நீங்கியவர் அவர்.

வாங்கிகளில் எழும் கணத்தாக்கங்கள் முண்ணாணின் பின்புறத்தூடு மேலேறி, மூளைத் தண்டின் அடிப்பகுதியில் ஓர் இடைநிலையத்தை அடைந்து, அங்கிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து, தலமசு வழியாகப் பின்மடிப்பைச் சேர்கின்றன. மேற்பட்டையில் முதல் வரவேற்பு 3ஆம் பகுதியின் 'ஆ' பிரிவிலே நிகழ்கின்றது. அதன் 'அ' பிரிவு தசைகளிலிருந்து வரும் செய்திகளைப் பெறுகின்றது. 1ஆம் பகுதி பரப்பின் சொரசொரப்பையும், 2ஆம் பகுதி பொருளின் அளவையும் வடிவையும் அறிவதிற் சிறப்பாகப் பங்குகொள்கின்றன. இதனைக் குரங்குகளிற் செய்த ஆய்வுகள் 1970களிற் காட்டின. மேலும், பென்பீல்ட் ஒரே உடலைக் கண்ட பின்மடிப்பில் உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட முழு உடல்வரைபடங்கள் அருகருகே உள்ளன என்பதை 1979இல் காஸ், மெர்செனிச் முதலியோர் நிறுவினர்.

6. மாறுமா, மாறாதா?

வளர்ந்தவரின் வரைபடம் மாறாதது என்பதே 1970கள்வரை பெரும்பான்மைக் கருத்து. 1983, 1984ஆம் ஆண்டுகளில் மெர்செனிச், காஸ் முதலியோர் இதனைக் கேள்விக்குள்ளாக்கினர். குரங்கின் கைநரம்பை வெட்டியபோதும், விரலொன்றை அகற்றியபோதும், அவற்றுக்குரிய மேற்பட்டைப் பரப்பு வெறுமையாகக் கிடக்கவில்லை. அயல் விரல்களைத் தொட்டபோது அப்பரப்பு விடையளித்தது. 1991இல் டிம் பொன்ஸ் முதலியோர் இதனினும் வியப்பானதொரு செய்தியை வெளியிட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்ச்சி நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், கைக்குரிய பரப்பு முழுவதும் முகத்தைத் தொட்டபோது விடையளித்தது. அக்குரங்குகள் 1981இல் மேரிலண்ட் மாநிலத்தின் சில்வர் ஸ்பிறிங் ஆய்வுகூடமொன்றிலிருந்து பொலிசாராற் கைப்பற்றப்பட்டவை. அவற்றின் பராமரிப்புத் தொடர்பான வழக்கிற் கிடைத்த குற்றத் தீர்ப்புகள் பின்னர் அகற்றப்பட்டன. ஆனால் அவ்வழக்கு ஆய்வு விலங்குகள் பற்றிய அமெரிக்கச் சட்டத்தைத் திருத்துவதற்குத் தூண்டுதலாயிற்று.

1992இல், சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவிற் பணியாற்றிவந்த வி. எஸ். இராமச்சந்திரனும் அவரது குழுவினரும், கையிழந்த சிலரின் முகத்தைத் தொட்டபோது இல்லாத கையிலும் தொடுகை உணரப்பட்டதாக அறிவித்தனர். கையின் அயலவரான முகம் கையின் நிலத்தைக் கவர்ந்துகொண்டது என விளக்கப்பட்டது. 1995இல், வீணை போன்ற நரம்பிசைக் கருவிகளை மேலைநாட்டிற் பயில்வோரின் இடது கை விரல்களுக்குரிய பரப்பு விரிவாக இருப்பதாக ஓர் ஆய்வு கூறியது. அதே ஆண்டில், இழந்த உறுப்பில் உணரப்படும் வலி, மேற்பட்டையின் மாற்றத்துக்கேற்ப அதிகரிப்பதாக இன்னோர் ஆய்வு கூறியது.

இவற்றை முற்போக்காளர் ஆர்வத்துடன் வரவேற்றதில் வியப்பில்லை. 1876இல் எழுதப்பட்டு 1896இல் அச்சேறிய ஏங்கெல்சின் கட்டுரை, வாலில்லாக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கை வற்புறுத்தியது. கை உழைப்பின் கருவி மாத்திரமன்று, அதன் விளைபொருளும் ஆகும் என்பது அதன் சாரம். மூளையிற் கைக்குள்ள பேரிடமும், பயிற்சியால் அது விரிகின்றது என்ற செய்தியும், இக்கருத்தை ஆய்வுகூடமே நிரூபித்துவிட்டது என்ற எண்ணத்தைத் தோற்றுவித்தன.

இவ்விடத்தில் நிதானம் வேண்டும். மூன்று வெவ்வேறு விடயங்கள் இங்கு ஒன்றாகக் குழம்புகின்றன. ஓரினத்தின் வாழ்க்கைமுறைக்கும் அதன் மேற்பட்டை அமைப்புக்கும் உள்ள தொடர்பு முதலாவது. ஏட்ரியனின் பன்றியும் குதிரையும் இதற்குச் சான்றுகள். ஆனால் இது இயற்கைத் தேர்வால், எண்ணற்ற தலைமுறைகளிற் கூடிய பேறு. தந்தையின் உழைப்பு மகனின் மூளையில் நேரே பதிவதன்று. வாழ்நாளிற் பெற்ற பண்பு வழிவழி கடத்தப்படும் என ஏங்கெல்சின் காலத்தவர் பலர் கருதினர். அவரது கட்டுரையிலும் அதன் சாயல் உண்டு. அதனை நாம் இன்று ஏற்றல் இயலாது. தனிமனிதர் ஒருவரின் பயிற்சியால் ஏற்படும் மாற்றம் இரண்டாவது. இது உண்மையே, ஆனால் ஏற்கெனவே உள்ள எல்லைகளுக்குள் நிகழும் செம்மையாக்கமே பெரும்பாலும் காணப்படுகின்றது. உறுப்பிழப்பின் பின் ஒரு பரப்பை வேறோர் உறுப்பு முற்றாகக் கைப்பற்றுகின்றது என்ற கூற்று மூன்றாவது. இன்று வலுவிழந்து நிற்பது இதுவேயாகும்.

2014இல் இந்தியாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தினர் ஒரு முக்கிய பரிசோதனையை வெளியிட்டனர். முண்ணாண் சேதமுற்ற குரங்குகளின் மேற்பட்டையில், கைப்பரப்பு முகத்தொடுகைக்கு விடையளித்தது. ஆனால் மூளைத் தண்டில் உள்ள கைக்குரிய இடைநிலையத்தைச் செயலிழக்கச் செய்ததும் அவ்விடை மறைந்தது. அதாவது மாற்றம் நிகழ்ந்தது மேற்பட்டையிலன்று, கீழேயுள்ள இடைநிலையத்தில். மனிதரிலோ, கையிழந்து பல்லாண்டு சென்றவர்களும் இல்லாத விரலை அசைக்க முயன்றபோது பழைய கைப்பரப்பே தொழிற்படுவதை டமர் மாக்கின் முதலியோர் 2013 முதற் காட்டிவந்தனர். 2025இல் வெளிவந்த ஆய்வு இவ்விவாதத்திற் தீர்க்கமானதோர் இடத்தைப் பெறுகின்றது. சத்திர சிகிச்சையாற் கையை இழக்கவிருந்த மூவரின் மூளைகள், கை அகற்றப்படுமுன்னரும் அகற்றப்பட்டபின் 5 ஆண்டுகள் வரையும் படம்பிடிக்கப்பட்டன. கையின் வரைபடம் பெரும் மாற்றமின்றி அவ்வாறே நிலைத்திருந்தது. உதட்டின் பரப்பு அதனைக் கவர்ந்துகொள்ளவில்லை.

முந்திய ஆய்வுகள் எங்கே வழுவின? அவற்றுட் பல, கையிழந்தவர்களைக் கையுள்ள வேறு மனிதருடன் ஒப்பிட்டன. ஒருவரை அவரோடே, இழப்பின் முன்னும் பின்னுமாக ஒப்பிடவில்லை. மேலும், கையிலிருந்து செய்தி வராத நிலையிற் கைப்பரப்பிலே மங்கலாகத் தோன்றும் முகத்தின் விடையையே அவை வெற்றியாளராகக் கணக்கிட்டன. ஓய்ந்திருக்கும் வீட்டில் அயல்வீட்டு ஒலி கேட்பதால் அவ்வீடு கைமாறிவிட்டது என்று கொள்வதற்கு இது ஒப்பாகும்.

7. முடிவுரை

இது ஆய்வாளருக்கிடையிலான நுணுக்கத் தகராறு மாத்திரமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தவர்களைப் பார்வையிட்ட சைலஸ் வெயர் மிற்செல், 1871இல் அவர்களது இல்லாத உறுப்பின் உணர்ச்சிக்கு 'மாயவுறுப்பு' என்ற கருத்துடைய பெயரிட்டார். அன்றுதொட்டுப் போர்கள் இவ்வாய்வுக்கு இடையறாது நோயாளரை வழங்கிவந்துள்ளன. மிதிவெடிகளாலும் எறிகணைகளாலும் கைகால்களை இழந்தவர்கள் நம்மிடையேயும் வாழ்கின்றனர். 2009இற் போர் முடிந்தபோதும் அவர்களது வலி முடியவில்லை. அவ்வலிக்குக் காரணம் மேற்பட்டையின் குழம்பிய வரைபடம் என்றால், வரைபடத்தைத் திருத்தும் பயிற்சிகளிலே வைத்தியம் தங்கியிருக்கும். வரைபடம் குலையவில்லை என்றால், வெட்டுண்ட நரம்பின் முனையையும், முண்ணாணையும், நோயாளியின் வாழ்நிலையையும் வைத்தியம் மீள நோக்கவேண்டும். வெட்டுண்ட நரம்பு முனைகளை அயலிலுள்ள தசை நரம்புகளோடு இணைக்கும் சத்திர சிகிச்சைகள் இன்று கவனம் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். குலையாத வரைபடம் மற்றொரு நம்பிக்கையையும் தருகின்றது. கையின் உணர்ச்சி இழந்த ஒருவரின் மேற்பட்டையில் நுண்ணிய மின்வாய்களைப் பொருத்தி, விரல்களிற் தொடுகையை உணரச் செய்யலாம் என 2016இல் பிற்ஸ்பேர்க் ஆய்வாளர்கள் காட்டினர். கையின் இடம் வேறோர் உறுப்புக்குப் போயிருந்தால் இது கைகூடியிராது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபுகள் இரண்டு. மனித உடல் மாற்றத்துக்குரியது என்ற கொள்கை நமக்கு உவப்பானது என்பதற்காக, அதற்குச் சாதகமான எச்செய்தியையும் சோதியாது ஏற்றல் பொருள்முதல்வாத நோக்காகாது. கால் என்பாரின் கபாலவியல் மேல்தட்டினரின் விருப்பத்துக்கு இசைந்தது. எல்லையற்ற மாற்றம் என்னும் கதை நமது விருப்பத்துக்கு இசைந்தது. இரண்டையும் தீர்த்துவைத்தது பொறுமையான அளவீடே.

வரைபடங்களில் வரைந்தவரின் பெயரே நிலைக்கும். வரையப்பட்டவரின் பெயர் நிலைப்பதில்லை என்பது இரண்டாவது முடிபு. மருத்துவ மாணவர்கள் ஹொமங்குலசின் பருத்த கையைக் காணும்போது பென்பீல்டை நினைவுகூர்கின்றனர், அது நியாயமே. அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்னர், தன் கையில் என்ன உணர்ந்தாள் என்பதைச் சொல்லிவிட்டு இறந்துபோன பணிப்பெண்ணையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். தொடுகை மூளையில் எங்கே உணரப்படுகின்றது என்ற வினாவுக்கு மனிதகுலம் பெற்ற முதல் விடைகளுள் ஒன்று அவளுடையது.